என்ன முறை

உப்பளத்து மக்களின் உறவுமுறைகளைப் பற்றி நான்கு நூல்கள் எழுதிய மானுடவியலாளர் எமிலிக்கு இப்போது அவற்றில் ஒரு வரியும் நினைவில்லை. அந்த ஆய்வுக்காக அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி முத்துப்பேச்சி, தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி, எமிலி இருந்த முதியோர் இல்லத்துக்கு அவளைப் பார்க்க வந்தாள்.

அவளை முதன்முதலாகச் சந்திப்பவள்போல எமிலி மெதுவாக விசாரித்தாள். "உங்க அண்ணன் சம்சாரத்தை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"மதினிம்போம்."

"அப்பாவோட தங்கச்சியை?"

"அத்தை."

ஜன்னல் வெயில் கட்டிலெங்கும் உப்பாய்ப் பூத்திருந்தது. பழைய கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் முத்துப்பேச்சி புதிதாகப் பதில் சொன்னாள். பிறகு, எந்த நூலிலும் எழுதாத ஒன்றை எமிலி கேட்டாள்.

"நான் உங்களுக்கு என்ன முறை?"

முத்துப்பேச்சி கட்டிலில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி."

"அப்ப நம்ம வீட்டுக்குப் போகலாமாக்கா?" எமிலி கட்டிலிலிருந்து காலை இறக்கினாள்.

முத்துப்பேச்சி அவளுடைய செருப்பைத் தேடத் தொடங்கினாள்.