ஓடைத் தண்ணீர் நல்ல தண்ணீர்

"இன்னொரு துண்டு போடு, வெள்ளையம்மா. சேத்து மணமே இல்லை, நல்ல ருசியாக் கிடக்கு" என்று தட்டை நீட்டினார் கனகசபை. ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி அவர்; துரைக்கு அடுத்த தலைமைக் குமாஸ்தா.

சமையல்காரி வெள்ளையம்மா நல்ல நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். சட்டியில் மிச்சமிருந்ததைத் தன் சோற்றில் கவிழ்த்து, அடுப்படியில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள்.

"எங்க பிடிச்ச மீன்?"

"நம்ம ஓடையிலதாங்கய்யா. காலையில கொத்துக் கொத்தா மெதந்துச்சு."

கனகசபையின் கை வாயருகே நின்றது.

"ஓடையிலயோ? உனக்கென்ன விசரே?"

"நீங்கதானுங்களே காலையில பேரு கூப்புடுற பெரட்டுல எல்லாரையும் நிக்க வெச்சு நோட்டீசு படிச்சீங்க? ஓடைத் தண்ணி நல்ல தண்ணி, மீனு வெயில்ல செத்துச்சு, புரளி பேசுனா வேலை இல்லன்னு? அன்னைலேருந்து சனமெல்லாம் பயமில்லாம அதத்தான் குடிக்குது."

அவள் மகன் அர்ச்சுனன் ஓடைத் தண்ணீர் குடித்துச் செத்த நாலாம் நாள் படித்த நோட்டீஸ் அது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அவனுக்கு 'காய்ச்சல்' என்று எழுத வைத்ததும் கனகசபைதான். காலில் விழுந்து அவள் கெஞ்சியும் அந்தச் சொல்லை அவர் மாற்ற விடவில்லை.

கையைக்கூடக் கழுவாமல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார் கனகசபை. வெள்ளையம்மா நிதானமாகப் பின்னால் போனாள்.

"டிரெஸ்ஸர், கெதியா மருந்து தாரும்! ஓடை மீன் திண்டுட்டன். விஷம்!"

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் சபாபதி புத்தகத்தை விரித்தார். "காரணம் எழுதாம மருந்து எடுக்க முடியாதுங்க. வெயில்ல செத்த மீனுன்னு போடட்டுங்களா?"

"லாலான் களைப்புல்லைக் கொல்ல அடிக்கிற மருந்து, ஐசே! மழையில ஓடைக்குள்ள இறங்கிப் போச்சு. துரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதித் துலையும்!"

"கையெழுத்துங்க."

குழம்புக் கையாலேயே போட்டார். பிறகு சபாபதி கொடுத்த உப்புத் தண்ணீரைக் குடித்து, வாளியைக் கட்டிக்கொண்டு குடல் வெளியே வரும்படி ஓங்கரித்தார்.

வெள்ளையம்மா கண் கொட்டாமல் பார்த்தாள். அர்ச்சுனனும் இப்படித்தான் குனிந்து கிடந்தான்.

அந்தப் புத்தகத்தைப் பார்க்க, விடிந்தால் ஜொகூர் பாருவிலிருந்து அரசாங்க டாக்டர் வருகிறார்.

"நீயும் தின்னியா, வெள்ளையம்மா?" சபாபதி பதறி, இன்னொரு குவளை உப்புத் தண்ணீரை நீட்டினார். "இந்தா, சட்டுனு குடி!"

"எனக்கெதுக்குங்க டிரெஸ்ஸரய்யா? அது பத்து பாகாட் டவுன் சந்தையில வாங்குன மீனு."