மூத்த பேராசிரியர்

கோட்டு அக்குளில் இறுக்கியது. தாளாளரின் மச்சானுடைய கோட்டு. டிரைவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தார்.

கல்லூரிப் பஸ்ஸை ஓட்டியே தலை நரைத்தவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அவரை இந்த அறைக்குள் தள்ளி, இயந்திரவியல் துறையின் மூத்த பேராசிரியர் ஆக்கிவிட்டார்கள்.

பெரிய மர்மம் ஒன்றுமில்லை. சம்பளத்தை ஒழுங்காகக் கொடுங்கள் என்று கேட்ட வாத்தியார்களையெல்லாம் போன வருடமே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இன்றைக்குக் கல்லூரிக்கு அங்கீகாரக் கையெழுத்துப் போடும் ஆய்வுக் குழு வருகிறது. நாற்காலிக்கு ஒரு தலை வேண்டும். நரைத்த தலை என்றால் இன்னும் விசேஷம்.

விடுதிச் சமையல்காரருக்கு வேதியியல். “உப்புன்னா என்னன்னு தெரியுமில்ல? அது போதும்” என்று சொல்லிவிட்டு மச்சான் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். பாடத்தில் ஏதாவது கேட்டால் இருமச் சொல்லியிருந்தான். பெரிய பேராசிரியர்கள் எல்லாம் அப்படித்தானாம்.

டிரைவர் சிரிக்கவில்லை. அவர் மகள் இதே கல்லூரியில் இரண்டாம் வருடம். ஊழியர் பிள்ளை என்று பாதிக் கட்டணம். உட்கார மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் அந்தப் பாதி முழுசாகிவிடும். அப்படி யாரும் மிரட்டவில்லை. கோட்டை நீட்டும்போது மச்சான், “பாப்பா நல்லாப் படிக்குதா?” என்று மட்டும் கேட்டான்.

அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

பாதிக்கே மூச்சு முட்டுகிறது. டீசல் விலையாவது என்றைக்காவது மனம் இரங்கி இறங்கும். கல்லூரிக் கட்டணத்துக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது.

குழுவில் நான்கு பேர். முதலில் வந்தவர், எதில் ஆராய்ச்சி என்று கேட்டார். டிரைவர் இருமிவிட்டு, “கியர் பெட்டி” என்றார். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். இன்னும் இருவர் அதைக்கூடக் கேட்கவில்லை. சாப்பாடு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

கடைசியாக வந்த அம்மாள் மட்டும் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சம்பளம் எவ்வளவு சார் வாங்குறீங்க?”

“எண்பத்தஞ்சாயிரம்மா. மாசம் பொறந்தா முதல் தேதி கணக்குல விழுந்துரும்.”

முதல் தேதி என்பது மச்சான் சொல்லிக்கொடுத்ததல்ல. பொய்யிலும் எதற்குக் கஞ்சத்தனம் என்று டிரைவரே சேர்த்துக்கொண்டது.

அம்மாள் எழுதினார். பேனாவை மூடினார். கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

டிரைவர் மேசையிலிருந்து கையை எடுத்தார். வண்டியைச் சோதிக்க வந்த எத்தனை அதிகாரிகளைப் பார்த்திருக்கிறார்! எழுதுகிற வரைக்கும் பயமில்லை. பேனாவை மூடினால்தான் விவகாரமே ஆரம்பம்.

“தப்பா நினைச்சுக்காதீங்க சார். இங்க ஏதாவது இடம் காலியா இருக்கா? என் பையனுக்கு.”

பையனும் வாத்தியார்தானாம். முனைவர் பட்டம் வாங்கியவன். இரண்டு கல்லூரியில் மணிக் கணக்குக்குப் பாடம் நடத்துகிறான். விடுமுறை விட்டால் சல்லிக்காசு கிடையாது. அம்மாள் படித்த காலத்தில் வருடக் கட்டணத்தை அவருடைய அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். இவன் படிப்புக்கு வீட்டை விற்றிருக்கிறார்கள். விற்ற வீட்டிலேயே இப்போது வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த வாடகைக்குப் பையனின் சம்பளம் எட்டவில்லை.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொறி வைக்கிறாளோ? படித்தவர்கள் அழுதுகொண்டே கழுத்தறுப்பார்கள் என்பது அவர் கட்சி. முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

குரலில்தான் பிடிபட்டது. கூனிப்போன குரல். பாதிக் கட்டணம் கேட்டுத் தாளாளர் அறை வாசலில் நின்றபோது அவருடைய தொண்டையிலிருந்தும் இதே குரல்தான் வந்தது. இதை நடித்துக் காட்ட எவனாலும் ஆகாது.

“கையெழுத்துப் போட வந்த இடத்துல நான் இப்படிக் கேக்கக் கூடாது, எனக்கே தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொல்லி வைங்க சார். எண்பத்தஞ்சு வேண்டாம். அதுல பாதி குடுத்தாக்கூட, இருக்கிற வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவான்.”

ஆக, கையெழுத்து நிச்சயம்.

“சொல்றேம்மா” என்று ஒரு வார்த்தை போதும். மகள் படிப்பு தப்பிக்கும். இந்த அம்மாளும் சந்தோஷமாகப் போய்விடுவார். பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளை, கையில் இருந்ததையும் விட்டுவிட்டு, பட்டங்களைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலில் வந்து நிற்பான். யார் நின்றால் இவருக்கென்ன? ஊரான் பிள்ளை.

வராந்தாவில் மச்சான் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் இருமிப் பார்த்தார். அம்மாள் நகரவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றார் டிரைவர், “இங்க சம்பளம் தவறாம வர்றது ஒரே ஒரு வேலைக்குத்தான். உங்க பையனுக்கு பஸ் ஓட்டத் தெரியுமா?”