அவள் எனக்கு மட்டும் சொன்னது

காலையில் பால் காய்ச்சினேன். ஒரு தோசை சுட்டேன். மீதி மாவை ஃப்ரிட்ஜில் வைத்தேன். எதிர்வீட்டில் என் மனைவி தாரிணியின் குரல் கேட்டது.

அவள் இறந்து ஒரு வருடமாகிறது. பத்திரிகையில் அவள் எழுதிய ஆலோசனைப் பகுதியை ஒரு டிவி சேனலில் சீரியலாக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் உருவாக்கிய அதே முகம், அதே குரல். எந்த வீட்டில் பார்த்தாலும் அந்த வீட்டுப் பிரச்சினைக்கே பதில் சொல்கிறாள்.

"நேத்து என்னைத் தங்கம்னு கூப்பிட்டா தம்பி," என்றார் எதிர்வீட்டு ரமணி அக்கா.

என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சேனலிலிருந்து போன் வந்தது.

"சார், நாளைக்கு அவங்க இறக்கிற சீன். கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

ஊருக்கே அவளைக் கொடுத்தாயிற்று. அதை மட்டும் தர மனமில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துச் சொன்னாள்:

"மாவை ஃப்ரிட்ஜ்ல வைடா, புளிச்சிடும்."