பாதிப் படத்துல கோடே இல்ல

அண்ணி லேப்ல ஆராய்ச்சி பண்றவங்க. ஆன்டிபாடி வாங்குறது நாத்தனார் வேலை பார்க்குற கம்பெனியிலதான். டிஎன்ஏ அறுந்தா ஒட்டுப்போடுற புரதம் ஒண்ணு செல்லுக்குள்ள இருக்கு. உடம்புல இருக்குற செல்லுங்க, கையில இருக்குறது இல்ல. அந்தப் புரதத்துமேல இந்த ஆன்டிபாடி போய் ஒட்டிக்கும், லேப்ல எடுக்குற படத்துல கறுப்புக் கோடா காட்டிக்குடுக்கும். காலையிலேயே நாத்தனாருக்கு அண்ணிகிட்டேருந்து ஃபோன்.

“உங்க சரக்கு செத்துப்போச்சுடி. பாதிப் படத்துல கோடே இல்ல. சாயந்திரம் புரொபசர்கிட்ட நல்லதா எதையாவது காட்டலேன்னா, ரெண்டு வருஷ வேலைய மூட்டை கட்டச் சொல்லிடுவாரு.”

“அழாதீங்க அண்ணி. மீதிப் பாதியில?”

“அதுல மை வச்ச மாதிரி பளிச்சுனு இருக்கு.”

“ஒரே பாட்டில்தானே ஊத்துனீங்க?”

“ஒரே பாட்டில்தான். எனக்கு வாய்ச்சதெல்லாம் பாதியிலதான் நிக்கும், உங்க அண்ணன் செய்யுற வீட்டு வேலை மாதிரி.”

“எங்கண்ணன இழுக்காதீங்க. கோடு வந்தது எந்த செல்லுல?”

“சாதா செல்லுல.”

“வராதது?”

“நான் ரெண்டு வருஷமா மல்லுக்கட்டுறேனே, அதுல.”

“அதை வச்சு என்ன மல்லுக்கட்டுறீங்க?”

“அந்தப் புரதமே இல்லாம பண்ணத்தான். ஒவ்வொரு தடவையும் தொலைஞ்சுதுன்னு பார்த்தா, கோடு வந்து பல்லக் காட்டும். இன்னைக்கு என்னடான்னா வரவே...”



“அண்ணி, இருக்கீங்களா?”

“நான் இருக்கேன். மூளைதான் இல்ல. தொலையட்டும்னு திட்டுன கோடு தொலைஞ்சதும், காணோமேன்னு உன்கிட்ட சண்டைக்கு வந்திருக்கேன் பாரு.”

“கம்ப்ளெயின்ட் எழுதிக்கட்டுமா?”

“வாங்குனவ சரியில்லன்னு எழுதிக்கோ. புரொபசர்கிட்ட படத்தைக் காட்டிட்டு வந்து நானே கையெழுத்துப் போடுறேன்.”