வீட்டுக்கு வழி

"விலையைக் குறைச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா? இப்படி ஒரு கஸ்டமரைப் பாத்து எத்தனை நாளாச்சு!"

பழைய கார் விற்கும் கடையின் முதலாளி, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"மெதுவா பேசுங்க, அவர் காதுல விழப்போகுது" என்றாள் அவள். அவளுக்கும் சந்தோஷம்தான். கொஞ்ச நாளாகவே வியாபாரம் படுத்துக் கிடந்தது.

வந்தவர் வெள்ளைச் சட்டை, தணிந்த பேச்சு. வெளியே வரிசையாக நின்ற வண்டிகளில் நேராக அந்தச் சாம்பல் நிற மினிவேனைத்தான் காட்டினார். எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை.

"இதுல நேவிகேஷன் வேலை செய்யுமா சார்? எனக்கு அதுதான் முக்கியம்."

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? வண்டியோட பொறந்தது சார், அப்புறமா ஒட்டவச்ச சமாச்சாரம் இல்ல. இப்பவே போட்டுக் காட்டுறேன்."

முதலாளிக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. நேவிகேஷன் உள்ள வண்டி என்றால், வாங்க வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திரையில் 'ஹோம்' பட்டனை ஒரு அமுக்கு அமுக்குவார். பழைய சொந்தக்காரரின் வீட்டுக்கு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று அது கடகடவென்று சொல்ல ஆரம்பிக்கும். வந்தவர் வாயைப் பிளப்பார். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். அதற்காகவே, எந்த வண்டியிலும் பழைய விலாசத்தை அழிக்கக் கூடாது என்பது கடைச் சட்டம்.

"மாப்ளே! அந்த வேனை முன்னாடி கொண்டா!"

மாப்ளே என்பது அவர் மனைவியின் தம்பி. இதற்குமுன் சேர்ந்த வேலைகள் எதுவும் நிலைக்காமல், அக்கா தயவில் இங்கே ஒட்டிக்கொண்டிருப்பவன். அவன் வந்தவரை ஒரு பார்வை பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

போனவன் போனவன்தான்.

பத்தடி தூரத்தில் நிற்கிற வண்டியை எடுத்துவர இவ்வளவு நேரமா? முதலாளி அசடு வழியச் சிரித்துக்கொண்டு, காபி வேணுமா என்று மறுபடி மறுபடி கேட்டார்.

ஒருவழியாக வேன் வந்து நின்றது. முதலாளி ஏறி உட்கார்ந்தார். வந்தவர் பக்கத்து சீட்டில். திரையைத் தொட்டால், எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. புது வண்டியில் கேட்பதுபோல. 'ஹோம்' பட்டனை அமுக்கினார். அதில் ஒன்றுமே இல்லை.

"என்னடா இது?"

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன் மாமா."

வந்தவரின் முகம் சுருங்கியது. "இந்த வண்டியை யார்கிட்டேருந்து வாங்கினீங்க?"

"அதுவா, இவன்தான் நேர்ல போய்..." என்று முதலாளி ஆரம்பிப்பதற்குள் மைத்துனன் குறுக்கே விழுந்தான்.

"புரோக்கர் கொண்டுவந்து விட்டது சார். யாரு என்னன்னு எங்களுக்குத் தெரியாது."

பச்சைப் பொய். வண்டியை விற்றவர் வீட்டுக்கே போய் ஓட்டிக்கொண்டு வந்தவன் இவன்தான். வந்தவர் முன்னால் சண்டை வேண்டாமென்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டார்.

வந்தவர் அவனை முறைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

கடைக்குள் வந்ததும் முதலாளி வெடித்தார்.

"யார்கிட்ட கமிஷன் வாங்கின? வேற எவனுக்கோ இந்த வேனைத் தள்ளிவிடுறேன்னு பேசி வச்சிருக்க, அதானே?"

முதலாளி மனைவி பக்கம் திரும்பினார்.

"உன் தம்பியாச்சேன்னு சேத்துக்கிட்டேன். என் வயித்துலயே அடிக்கிறான் பாரு!"

அக்காவால் தலைநிமிர முடியவில்லை. "வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டா. எதுக்குடா இப்படிப் பண்ணின?"

அவன் கண்ணாடிக் கதவு வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"திமிரைப் பாரு! நான் தொண்டை கிழியக் கத்துறேன், தொரை வேடிக்கை பாக்குறாரு. சாவியை வச்சுட்டு நடையைக் கட்டு. இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டாதே."

அவன் சாவியை மேஜைமேல் வைத்தான். அப்போதும் பார்வை வெளியேதான். எதிர்ப்புறத்தில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் தன் காருக்குள் உட்கார்ந்து கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு மாறித் திரும்ப வருவாரோ என்று முதலாளிக்கு ஒரு நப்பாசை. வரவில்லை. கார் கிளம்பி, தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அப்புறம்தான் அவன் மூச்சு விட்டான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அக்கா பயந்துபோய் ஓடிவந்தாள்.

"தப்பு என்மேலதான் மாமா. அன்னிக்கு வேனை வாங்க வீட்டுக்குப் போனப்பவே அதை வித்த பொண்ணு கெஞ்சிக் கேட்டுச்சு, எனக்கு அழிக்கத் தெரியல, 'ஹோம்'ல இருக்குற விலாசத்தை அழிச்சுடுங்கண்ணேன்னு. உங்க சட்டத்துக்குப் பயந்து அப்படியே விட்டுட்டேன்."

"எதுக்கு அழிக்கணுமாம்?" முதலாளியின் குரல் இன்னும் இறங்கவில்லை.

"அது புதுசா குடிவந்த வீடு. யாருக்கும் தெரியாம வந்திருக்கு. கையில மாவுக்கட்டுப் போட்ட குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னுச்சு மாமா. கையை உடைச்சதே அதைப் பெத்த அப்பன்தானாம். போன்ல அவன் போட்டோவைக் காட்டி, இந்த ஆளு தேடி வந்தா மட்டும் நாங்க இருக்குற இடத்தைச் சொல்லிடாதீங்கன்னு அழுதுச்சு."

முதலாளி வெளியே நின்ற வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"அவனைத்தான் மாமா நீங்க இப்போ பக்கத்துல உக்காரவச்சு, அந்த வீட்டுக்கு வழி காட்டப் போனீங்க."