வண்டுக்கு வைத்த பை

ராஸ்பெர்ரி இலைகள் சல்லடையாகிவிட்டன. ஜூலை வெயில் ஏறுவதற்குள், செப்பு நிற வண்டுகளை லொரெய்ன் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிடுகிறாள். தட்டத் தட்ட வேறு வந்து உட்காருகின்றன. ரோஜாவுக்குப் பக்கத்திலேயே கணவன் வெர்லின் மாட்டிய வண்டுப்பொறியின் மஞ்சள் பை கனத்துக் கரகரக்கிறது.

"நேத்துதான் மாட்டினேன், அதுக்குள்ள ரொம்பிடுச்சு பாரு!"

"ரொம்பாம? வாசனை காட்டித் தெரு வண்டையெல்லாம் கூப்பிட்டு வச்சிருக்க. பாதிதான் பைக்குள்ள விழுது, மீதி என் செடியத் தின்னுது. கழட்டுய்யா அத!"

"நல்லாப் பிடிக்கிறதப் போயி கழட்டுவாங்களா?"

வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு மார்லிஸ் கிண்ணம் நிறையச் சிவந்த ராஸ்பெர்ரிப் பழத்தை நீட்டுகிறாள். "இந்தா, உனக்குத்தான். இந்த வருஷம் எங்க பக்கம் ஒரு வண்டுகூட இல்லடி, என்ன மாயமோ!"

லொரெய்ன் திரும்பிப் பார்க்கிறாள். வெர்லின் மாட்டுவதற்கு இரண்டாவது பொறியை உறையிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறான்.