காவலை அடக்கிய ஊசி

இனியன் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று ஸ்கேன் படத்தை உயர்த்திப் பிடிக்கிறான். மாலை வெயில் படத்தினூடே புகுந்து அவன் சட்டையில் நீலமாக விழுகிறது. இறந்துபோன மனைவி அருள்மொழியின் அம்மா வீரம்மாள், தன் புற்றுநோய்க்குப் புது ஊசி போட்டுக்கொண்ட நாளிலிருந்து சிவந்து கிடக்கும் முழங்கையைச் சொறிந்தபடி பக்கத்தில் நிற்கிறாள். “கட்டி வளந்துடுச்சா மாப்ள?” “பாதியாயிடுச்சு அத்தை. நோயோட சண்டை போடுற அணுக்களை நம்ம ஒடம்புலயே சில அணுக்கள் தடுத்து நிறுத்துமாம். ஊசி அதுங்களை அடக்கிடுச்சு. இந்த அரிப்பும் அதனாலதான். களிம்பு குடுத்திருக்காங்க.” “மைன்ஸ் கேட்டுல செக்யூரிட்டி அசந்துட்டாப்லன்னு சொல்லு! நானு கொடியில காயற பொடவைல கரண்டு கம்பெனி புகைபோக்கி சாம்பல் ஒட்டிக்கினு அரிக்குதுன்னு ரெண்டு ரெண்டு தரம் அலசிக்கினு கெடந்தேன்.” அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அருள்மொழி போன எட்டு மாதத்தில் முதன்முறையாக இனியனுக்குப் பசிக்கிறது. “சோறு இருக்கா அத்தை?” என்கிறான்.